வவுச்சருக்காக டொக்டர்கிட்ட துண்டு கேக்கலாமா?

ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. டவுன்ல புதுசா தொறந்த பாமசி ஒண்ணுல, டொக்டர் எழுதின மருந்துத் துண்டோட வந்து ஒரே பில்லுல 5000 ரூபாவுக்கு மேல வாங்கினா 500 ரூபா வவுச்சர் குடுக்குறாங்களாம். அம்மாவுக்கு பிரஷர், கொலஸ்ட்ரோல் மருந்து எப்பிடியும் வாங்கணும், ஆனா அது 3200 ரூபாதான் வருது, அதனால டொக்டர்கிட்ட சொல்லி காஸ்ட்ரிக் மாத்திரை, விட்டமின் அது இதுன்னு கூட ரெண்டு ஐட்டம் எழுதி வாங்கினா என்ன தப்புன்னு கேக்குறாங்க. அமெரிக்காவுல இருக்கிற மாமா வேற சொன்னாராம், அங்க எல்லாரும் இப்பிடித்தான் பண்ணுறாங்க, புது துண்டு ஒண்ணு கொண்டு போனா 25 டொலர் கார்ட் கைல குடுப்பாங்கன்னு.

நான் மலைநாட்டு டவுன் பாமசி கவுன்டர்ல ரொம்ப காலமா நிக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுறேன்.

அம்மாவுக்கு ஏற்கனவே எழுதின மருந்துக்கு ஒஃபர் கிடைச்சா தாராளமா எடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஒஃபருக்காக ஒரு மருந்த எழுத வைக்காதீங்க. இதுக்கு ஆளுங்க வழக்கமா சொல்லுற காரணம் கடைக்காரன ஏமாத்துறோம்ங்கிறது, அது சரியில்ல. கடைக்காரன் ஒண்ணும் ஏமாறல, நீங்க அப்பிடி பண்ணணும்னுதான் அவன் 5000னு கோடு போட்டு வச்சிருக்கான். 3200ல நிக்கிற பில்ல 5000க்கு தள்ள 1800 ரூபாவுக்கு சாமான் வாங்குவீங்க, 500 ரூபாவுக்கு ஒரு கடுதாசி குடுப்பான், அதையும் அடுத்த மாசம் அவன் கடைக்கே கொண்டு வந்து குடுப்பீங்க. இதுல டொக்டர் பீஸ் வேற தனி. சல்லி கணக்கு பாத்தாலே நட்டம்தான், நியாயம் அநியாயம் பேச முன்னாடியே.

மாமா சொன்ன கதை உண்மைதான், ஆனா பாதிக் கதை. அமெரிக்காவுல பெரிய பாமசி கம்பெனிங்க ஒரு காலத்துல போட்டி போட்டுக்கிட்டு இத பண்ணுனாங்க, வேற கடையில இருக்கிற துண்ட எங்க கடைக்கு மாத்துங்க, 25 டொலர் கிஃப்ட் கார்ட் தாறோம்னு. அங்க துண்டு நம்ம மாதிரி கைல இருக்காது, கடையோட கம்ப்யூட்டர்ல இருக்கும், ஒரு போன் பண்ணினா ஒரு கடையில இருந்து இன்னொரு கடைக்கு போயிடும். அதனால கெட்டிக்காரங்க ஒரே துண்ட கடை கடையா மாத்தி கார்ட் சேத்தாங்க, அதுவும் பத்தாம சிலபேர் டொக்டர்கிட்ட போய் தேவையில்லாத மலிவு மாத்திரைக்கு துண்டு எழுதி வாங்கி, நாலு டொலர் மாத்திரைக்கு 25 டொலர் கார்ட் எடுத்தாங்க. ஆனா அங்க சட்டம் ஒண்ணு இருக்கு. வயசானவங்களுக்கு மெடிகெயார், வசதி கொறஞ்சவங்களுக்கு மெடிகெய்ட்னு அரசாங்கக் காசுல மருந்துச் செலவு பாக்குற திட்டம் ரெண்டு, அந்த ஆளுங்கள பரிசு காட்டி கடைக்கு இழுக்கக் கூடாது. சின்ன அன்பளிப்புன்னா ஒரு தடவைக்கு 15 டொலர், வருஷத்துக்கு 75 டொலர் வரைக்கும் பரவாயில்லைன்னு 2016ல வரம்ப உயத்தி வச்சாங்க, அதுவும் காசாவோ காசு மாதிரி கார்டாவோ இருக்கக் கூடாது. வோல்கிரீன்ஸ் கம்பெனி அந்த ஆளுங்களுக்கும் கிஃப்ட் கார்ட் குடுத்துச்சுன்னு கேஸ் வந்து 2012ல 7.9 மில்லியன் டொலர் கட்டி முடிச்சாங்க. ரைட் எய்ட் 2014ல 2.99 மில்லியன். அதனாலதான் அந்த ஒஃபர் விளம்பரத்துக்கு கீழ பொடி எழுத்துல, அரசாங்கத் திட்டத்துல மருந்து எடுக்கிறவங்களுக்கு இது கிடையாதுன்னு போட்டிருப்பாங்க. மாமா அந்தப் பொடி எழுத்த படிச்சாரான்னு தெரியல.

ஏன் இவ்வளவு கடுமைன்னா, மருந்துக்கு காசு கட்டுறது ஒருத்தர், பரிசு வாங்குறது இன்னொருத்தர். மருந்து தேவையா இல்லையான்னு யோசிக்க வேண்டிய ஆளு கார்ட பத்தி யோசிக்க ஆரம்பிச்சிடுறாரு, செலவு மொத்த சனத்தோட வரிக்காசுல விழுது. இன்னொண்ணும் இருக்கு, அதுதான் எங்க தொழிலுக்குள்ள பெரிய விஷயம்: ஆள் நாலு கடையில மருந்து எடுத்தா நாலு கடைக்கும் பாதிப் பாதி கதைதான் தெரியும், ரெண்டு மருந்து ஒண்ணோட ஒண்ணு மோதுமான்னு பாக்க ஒரு கடைக்கும் முழு லிஸ்ட் இருக்காது.

இப்ப இங்க, இலங்கைக்கு வாங்க. நம்மகிட்ட கடைக்கு கடை இணைஞ்ச கம்ப்யூட்டர் கிடையாது. அம்மாவோட வருத்தம், மருந்து விபரம் எல்லாம் எங்க இருக்கு? கிளினிக் கொப்பியில, அதாவது கிளினிக்ல நோயும் மருந்தும் எழுதுற நோட்டுல. அந்த மடிஞ்சு போன, மூலை தேஞ்ச, ஷொப்பிங் பேக்ல சுத்தி வச்ச கொப்பி ஒண்ணுதான் மொத்த ரெக்கோர்டும். அத விட்டா கவுன்டர்ல நிக்கிற எங்க ஞாபகம். டவுன் டொக்டர் பலபேர் மருந்த அவங்களே குடுத்துருவாங்க, சின்ன வெள்ள கவர்ல போட்டு, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பேனையால எழுதி, மாத்திரை பேர் பாதி நேரம் இருக்காது. தோட்டத்து டிஸ்பென்சரில குடுக்கிறது இன்னொரு கவர். இதுக்கு மேல வவுச்சருக்குன்னு ஒரு துண்டு சேந்தா யாருக்குத் தெரியும் அம்மா வயித்துக்குள்ள எது எது போகுதுன்னு?

ஒருமுறை ஒரு அம்மா வந்தாங்க, கொழுந்து எடுத்து ரிட்டயராகின ஆளு, முழங்கால் வலி. கைல டைக்ளோபெனக்ங்கிற வலி மாத்திரைக்கு துண்டு ஒண்ணு. நான் சும்மா பழக்கத்துக்கு, கிளினிக் கொப்பி இருக்கான்னு கேட்டேன். பேக்ல இருந்து எடுத்தாங்க, பாத்தா பிரஷர் மாத்திரை லொசாட்டன் இருக்கு, நீர் போற மாத்திரை ஃபுரூஸமைடும் இருக்கு. இந்த மூணும் ஒண்ணா சேந்தா கிட்னிக்கு வர்ற அடி சும்மா இல்ல, வயசானவங்க, தண்ணி கொறச்சலா குடிக்கிறவங்களுக்கு இன்னும் மோசம், மலையில வேலை செஞ்சு பழகின பொம்பளைங்க எங்க தண்ணி குடிக்கிறாங்க. துண்டு எழுதின டொக்டருக்கு கிளினிக் மருந்து தெரியாது, ஏன்னா அவங்க கொப்பிய காட்டல, ஏன் காட்டலன்னா மருமகப் பொண்ணு ஏதோ ஒஃபருக்கு பில்லு சேக்கணும்னு வலி மாத்திரையும் ஒண்ணு எழுதிக்கங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கு, கொப்பிய காட்டினா கிளினிக்லயே எடுங்கன்னு டொக்டர் சொல்லிருவாருன்னு பயம். நான் டொக்டருக்கு கோல் எடுத்தேன், அவரு வேணாம் பெரசிட்டமோல் குடுங்கன்னாரு. கொப்பி பேக்குக்குள்ளயே இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது.

காஸ்ட்ரிக் மாத்திரைதானே, விட்டமின்தானே, அது என்ன பண்ணும்னு கேப்பீங்க. காஸ்ட்ரிக்குக்கு குடுக்கிற ஒமிப்ரசோல நம்ம ஆளுங்க மிட்டாய் மாதிரி போடுறாங்க, தேவைப்பட்டவங்களுக்கு அது நல்ல மருந்து, ஆனா மாசக்கணக்குல வருஷக்கணக்குல போட்டா பி12 கொறையும், மெக்னீசியம் கொறையும். சுகருக்கு மெட்போமின் போடுறவங்களுக்கு பி12 ஏற்கனவே கொறையிற பிரச்சினை இருக்கு, ரெண்டும் சேந்தா கால் விறுவிறுன்னு எரியும், அத சுகராலன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க. விட்டமின் டி, ஏ ரெண்டும் உடம்புல தங்குற சாமான், கூடினா வெளிய போகாது. அன்டிபயோடிக் வீட்டுல இருந்தா நல்லதுதானேன்னு எழுதி வாங்குறத பத்தி நான் பேசவே விரும்பல. பிரகாபலின் மாதிரி, நரம்பு வலிக்கு குடுக்கிற ஆனா போதைக்கும் பாவிக்கிற சாமான வாங்க துண்டோட வர்ற பொடியன்களையும் இந்த டவுன்ல பாத்திருக்கேன், அதனால காரணம் இல்லாத துண்டுன்னாலே எங்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும், நீங்க நல்ல மனுஷியா இருந்தாலும்.

இனி டொக்டர் பக்கம். நீங்க கேக்குறது ரெண்டு வரி எழுத்துன்னு நெனைக்கிறீங்க. ஆனா துண்டு ஒரு கையெழுத்து போட்ட சாட்சி, இந்த ஆள நான் பாத்தேன், இவருக்கு இது தேவைன்னு. சாட்சிப் பத்திரத்த கூப்பனா மாத்தச் சொல்லி கேக்குறோம் நம்ம. சின்ன டவுன்ல டொக்டர் மாட்டேன்னு சொல்லவும் கஷ்டம், வெளிய நாப்பது பேர் இருக்காங்க, நீங்க தெரிஞ்ச குடும்பம், இல்லைன்னா அடுத்த வாரம் பக்கத்து டொக்டர்கிட்ட போயிருவீங்க. அவரும் எழுதிருவாரு. எழுதினாருங்கிறதால அது சரின்னு ஆகாது. அவர் பேர் மெடிக்கல் கவுன்சில்ல இருக்கு, சொன்னா ஆச்சரியப்படுவீங்க, நம்ம நாட்டுல பாமசிஸ்ட் பேரும் அதே கவுன்சில்லதான் பதியணும், அதனால அந்தத் துண்ட கண்ண மூடிக்கிட்டு குடுக்கிற எனக்கும் அதுல பங்கு இருக்கு.

உடனே வர்ற பதில் எனக்குத் தெரியும்: மருந்துக் கம்பெனிக்காரன் டொக்டர்மாருக்கு கிஃப்ட் குடுக்குறான், வெளிநாடு கூட்டிட்டுப் போறான், பாமசிக்கு பத்து வாங்கினா ரெண்டு போனஸ்ங்கிறான், நாங்க 500 ரூபா வவுச்சர் எடுத்தாத்தான் குத்தமான்னு. ஞாயமான கோவம். அந்தக் கம்பெனி ஆளுங்க, ரெப்மார், பேக்கோட கிளினிக் வாசல்ல நிக்கிறத எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், போனஸ் இருக்கிற பிராண்ட தட்டுல முன்னுக்கு வைக்கிற கடை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வவுச்சர விட அது பல மடங்கு பெரிய பிரச்சினை. ஆனா அந்த வழியில நீங்களும் போனா கடைசியில மாத்திரைய முழுங்குறது உங்க அம்மா, ரெப் இல்ல.

சல்லி மிச்சம் பிடிக்கணும்னா அதுக்கு வேற நேர்வழி இருக்கு, இத யாரும் போர்ட் போட்டு சொல்ல மாட்டாங்க. நம்ம நாட்டுல பேராசிரியர் சேனக பிபிலைன்னு ஒரு மனுஷன் 1971ல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்த தொடக்கி வச்சாரு, இன்னைக்கு ராஜ்ய ஒசுசலன்னு நீங்க பாக்குறது அதோட கடைதான். கம்பெனி பேர்ல வேணாம், மருந்தோட சொந்தப் பேர்ல வாங்குவோம், நாட்டுக்கு எது தேவையோ அத மட்டும் மொத்தமா மலிவா எடுப்போம்ங்கிறதுதான் அவரோட யோசனை. 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்க தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை சட்டமும் அந்த வழியிலதான் வந்துச்சு, 2016ல 48 மருந்துக்கு உச்ச விலையும் போட்டாங்க. அதனால நீங்க டொக்டர்கிட்ட கேக்க வேண்டியது கூட ரெண்டு ஐட்டம் இல்ல, மருந்தோட ஜெனரிக் பேர, அதாவது அந்தச் சொந்தப் பேர எழுதித் தாங்கன்னு. கடையில கேக்க வேண்டியது இதே மருந்துல மலிவான பிராண்ட் எதுன்னு. ஒரே கொலஸ்ட்ரோல் மாத்திரை அடோவாஸ்டடின், பிராண்டுக்கு பிராண்ட் விலையில எவ்வளவு வித்தியாசம்னு ஒருதரம் கேட்டுப் பாருங்க, 500 ரூபா வவுச்சர் சின்னதா தெரியும். அதவிட முக்கியம், அம்மாவோட மருந்து கவுர்மென்ட் கிளினிக்ல சும்மா கிடைக்கும்னா, அத விட்டுட்டு வவுச்சருக்காக கடையில வாங்குறது என்ன கணக்குன்னு எனக்கு விளங்கல. கிளினிக் நாள்ல ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்துல அன்னைக்கு கூலி, போகும், விடிய நாலு மணிக்கு பஸ் பிடிக்கணும், அது கஷ்டம்தான், அந்தக் காரணத்துக்கு கடையில வாங்கினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இதோட சொந்தக்காரக் கதை ஒண்ணு இருக்கு, நீங்க கேக்கல, ஆனா கொழும்புல வேலை செய்யிற நம்ம பிள்ளைங்களுக்கு இது இன்னும் பெருசா நடக்குது. கம்பெனி இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஓபிடி கிளெய்ம், அதாவது ஆஸ்பத்திரில தங்காம பாக்குற வைத்தியச் செலவு, இருக்கும், டிசம்பர் வந்தா மிச்சம் போயிடும்னு ஒரு ஓட்டம். கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்கு வர்றவங்க, துண்டோட கவுன்டருக்கு வந்து, அண்ணே இதுல இருக்கிற மாத்திரைய விட்டுட்டு அந்த அமௌன்ட்டுக்கு பிள்ளைக்கு பால்மா, ஷாம்பூ, பெம்பர்ஸ் தாங்க, பில்லுல மட்டும் மாத்திரை பேர் போடுங்கன்னு கேப்பாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் கேப்பாங்க. தப்புங்கிற எண்ணமே இருக்காது, என் சம்பளத்துல சேந்த காசுதானே, எடுக்காட்டி இன்சூரன்ஸ்காரன் திம்பான்னு நினைப்பு. ஆனா அது வவுச்சர் மாதிரி நடுவுல நிக்கிற விஷயம் கூட இல்ல, பொய் பில்லு, சாதாரண மோசடி. பில்லு போட்ட கடைக்காரன், எழுதின டொக்டர், கையெழுத்து போட்ட நீங்க, மூணு பேர் பேரும் ஒரு கடுதாசியில இருக்கும். மாட்டினா முதல்ல வேலை போறது உங்களுக்கு. மாட்டலன்னாலும் உங்க பேர்ல இல்லாத ஒரு நோய் இன்சூரன்ஸ் ஃபைல்ல ஏறிருது, கொலஸ்ட்ரோல் மாத்திரை ஆறு மாசம் எடுத்ததா. பிறகு லைஃப் இன்சூரன்ஸ் போடப் போனா, ஏன் மறைச்சீங்கன்னு கேள்வி வரும். மறைக்கலன்னு சொல்லணும்னா பொய் பில்லுன்னு ஒத்துக்கணும். மிச்ச கிளெய்ம உண்மையா பாவிக்க வழி இருக்கே, கண்ணாடி பவர் செக் பண்ணுங்க, பல்லு காட்டுங்க, அம்மாவ சேத்திருந்தா ஒரு பிளட் டெஸ்ட் எடுங்க, உங்க திட்டம் எது எதுக்கு குடுக்குதுன்னு எச்ஆர்ல கேட்டா சொல்லுவாங்க.

ஒஃபர்னு மூணு மாச மருந்த ஒரேதா வாங்கலாமான்னும் ஆளுங்க கேப்பாங்க. டொக்டர் மூணு மாசத்துக்கு எழுதியிருந்தா, டோஸ் மாறாம ஒரே மாதிரி போற மருந்துன்னா, எக்ஸ்பைரி தேதி பாத்து வாங்கலாம், பேங்க் கார்டுக்கு கழிவு குடுக்கிற நாள்ல வாங்குறது புத்திசாலித்தனம். தப்பு எப்ப வரும்னா நாட்டுல சாமான் இல்லாத நேரம். டொலர் தட்டுப்பாடு வந்த 2022 மார்ச் மாசத்த மறந்திருக்க மாட்டீங்க, பேராதனை ஆஸ்பத்திரில மருந்து இல்லாம திட்டம் போட்ட ஒபரேஷன எல்லாம் நிப்பாட்டினாங்க. நம்ம மருந்துல பெரும்பகுதி வெளிநாட்டுல இருந்து டொலர் குடுத்து வர்ற சாமான். அந்த வருஷம் தமிழ்நாட்டுல இருந்து அரிசி, பால்மாவோட மருந்தும் கப்பல்ல வந்துச்சு. அப்ப வீட்டு அலுமாரிக்குள்ள ஆறு மாச லொசாட்டன வச்சிக்கிட்டு இருந்தவங்களும் இருந்தாங்க, எங்க கவுன்டர்ல வந்து அரை மாத்திரையா போடலாமான்னு கேட்டவங்களும் இருந்தாங்க, ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து வீடாவும் இருந்தாங்க.

லோயல்டி கார்ட், சீனியர் சிட்டிசன் கழிவு, இதெல்லாம் சும்மா எடுங்க. ஒண்ணு மட்டும், போன் நம்பர் குடுத்து பொயின்ட் சேக்கும்போது நீங்க என்ன மாத்திரை வாங்குறீங்கன்னும் அதுல சேந்துரும். 2022ல வந்த தனிப்பட்ட தரவு பாதுகாப்பு சட்டத்துல சுகாதார விபரத்த விசேஷ வகைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, அதனால எதுக்கு பாவிக்கிறீங்கன்னு தயங்காம கேளுங்க. வெக்கப்படுற மருந்துன்னா நம்பர் குடுக்காமலே வாங்குங்க.

புது கடையப் பத்தியும் ஒரு வார்த்தை. வவுச்சர விட முதல்ல சுவத்தப் பாருங்க, ஒளடதங்கள் அதிகாரசபையோட லைசன்ஸ் தொங்குதா, இந்த வருஷத்துக்கு உள்ளதா, பாமசிஸ்ட் பேர் போட்டிருக்கா, அந்த ஆளு உண்மையா கடையில நிக்கிறாரா. லைசன்ஸ்ல ஒருத்தர் பேர், கவுன்டர்ல போன மாசம் ஓ.எல். பரீட்சை எழுதின பள்ளிக்கூடப் பொடியன்னா, 5000 ரூபா வவுச்சர் குடுத்தாலும் அங்க அம்மாவுக்கு மருந்து எடுக்காதீங்க.

அதனால நீங்க செய்ய வேண்டியது, அடுத்த தடவை போகும்போது கிளினிக் கொப்பியும் வீட்டுல இருக்கிற எல்லா கவரையும் ஒரு பேக்ல போட்டு கொண்டு போங்க, பாமசிஸ்ட்கிட்ட காட்டி ஒரே மருந்து ரெண்டு பேர்ல இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அநேகமா ஒண்ணு ரெண்டு கொறையும். பில்லு 3200ன்னா 3200தான், 2600 ஆகினா இன்னும் நல்லது. அம்மாவுக்கு உண்மையாவே நெஞ்செரிச்சல் இருந்தா டொக்டர்கிட்ட அத நோயா சொல்லி கேளுங்க, ஐட்டமா கேக்காதீங்க. மாமாகிட்ட மட்டும் ஒண்ணு விசாரிங்க, அவருக்கு 65 தாண்டிருச்சா, மருந்து மெடிகெயார்ல எடுக்கிறாரான்னு. ஆமான்னா அந்த 25 டொலர் கார்ட் அவருக்கு உரியது இல்ல, கவுன்டர்ல கேட்டா அவங்களே சொல்லிருவாங்க.